மயில் கத்துது டீச்சர்: விலங்குகளைப் படித்துச் சொல் சேர்ப்பது எப்படி?

நான்காம் வகுப்பில் மரபுச்சொல் பாடம் முடித்து ஒரு சின்னத் தேர்வு வைத்தேன். குயில் கூவும், மயில் அகவும், ஆந்தை அலறும், நரி ஊளையிடும், யானை பிளிறும். ஏறக்குறைய எல்லோருமே பத்துக்குப் பத்து. அடுத்த வாரம் பள்ளிக்குப் பின்னால் இருந்த வைக்கோல்போர் மேல் ஒரு மயில் ஏறி நின்று ஊரே கேட்கக் குரல் கொடுத்தது. பத்து மதிப்பெண் வாங்கியவர்களில் ஒருவன்தான் முதலில் ஓடி வந்தான்: “டீச்சர், மயில் கத்துது!”

கத்துது என்றதில் தப்பு ஒன்றும் இல்லை. எங்கள் பக்கம் கோழியும் கத்தும், மாடும் கத்தும், சில வீடுகளில் பாட்டியும் கத்துவார். பேச்சுக்கு அது போதும். அன்று மதியம் ‘இன்று நான் பார்த்தது’ என்று நாலு வரி எழுதச் சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. அத்தனை நோட்டிலும் ‘மயில் கத்தியது’. அகவுதல் என்ற சொல் வினாத்தாளோடு தங்கிவிட்டது. பக்கத்தில் இருந்த வைக்கோல்போர் வரைகூட வரவில்லை.

அதற்கப்புறம் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, விலங்குகளைப் பற்றிய சின்னச் சின்னப் பத்திகளைப் படித்துக் காட்டிச் சொல் பழக்க ஆரம்பித்தேன். சில வருடங்கள் ஆகிவிட்டன. எதில் பலன் கிடைத்தது, எங்கே சொதப்பினேன் என்பதை இங்கே சொல்கிறேன். பள்ளியிலோ, மாலை வகுப்பிலோ, வீட்டுத் திண்ணையிலோ ஐந்தாறு பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லித்தர நினைக்கும் யாருக்கும் இது ஆகும். பெரிய பயிற்சி எதுவும் வேண்டாம்.

முதலில் ஒரு கேள்வி. ஒரு சொல் ‘தெரியும்’ என்றால் என்ன அர்த்தம்? ‘எங்கேயோ கேட்டிருக்கேன்’ என்பது ஒரு நிலை. ‘அதுக்கு இதுதான் பொருள்’ என்று சொல்லத் தெரிவது அடுத்த நிலை. யாரும் கேட்காமலே, வேறொரு இடத்தில், தானாக எடுத்துப் போடுவது மூன்றாவது நிலை. நம் தேர்வுகள் பெரும்பாலும் இரண்டாவதோடு திருப்தி அடைந்துவிடுகின்றன. என் வகுப்பும் அங்கேதான் நின்றிருந்தது. மூன்றாவது நிலைக்குப் போக, பிள்ளை ஒரு சொல்லைப் பல இடங்களில், பல வேலைகள் செய்கிற நிலையில் பார்த்திருக்க வேண்டும்.

‘நிறையப் படிச்சா சொல் தானா வந்துடுமே’ என்பார்கள். வரும், ஆனால் மெதுவாக. பிள்ளைகள் தாமாகப் படிக்கும்போது சொற்களை எப்படிப் பிடிக்கிறார்கள் என்பது பற்றிய ஆய்வுகளை நெதர்லாந்து ஆய்வாளர்கள் இருவர் தொகுத்து 1999ல் வெளியிட்டார்கள். தெரியாத சொல் 100 எதிர்ப்பட்டால் அதில் ஏறத்தாழ 15 தான் மனதில் தங்குகிறது என்பது அவர்கள் கணக்கு. இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு பத்தியை யார் துணையும் இல்லாமல் புரிந்துகொள்ள, அதிலுள்ள சொற்களில் 95 முதல் 98 விழுக்காடு ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும் என்கிறார்கள். அதாவது, சொல் தெரிந்த பிள்ளைக்குத்தான் படிப்பு மேலும் சொல் கொடுக்கும். தெரியாத பிள்ளை நாலாவது வரியில் புத்தகத்தை மூடிவிடும். பணம் இருக்கிறவனிடமே பணம் சேர்கிற கதைதான்.

அதனால்தான் சின்ன வகுப்பில் புத்தகத்தைப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கக் கூடாது. நாம் வாசித்துக் காட்ட வேண்டும். எழுத்துக் கூட்டிப் படிக்கும் வயதில் பிள்ளையின் கண்ணைவிடக் காது பல மடங்கு முன்னால் ஓடும்.

சரி, ஏன் விலங்குகள்? மழை, ரயில், திருவிழா என்று எதைப் பற்றியும் படிக்கலாமே? படிக்கலாம். ஆனால் காட்டு விலங்கு சும்மா இருப்பதில்லை. பசிக்கிறது, தேடுகிறது, பதுங்குகிறது, துரத்துகிறது, தப்பிக்கிறது, குட்டியைக் காக்கிறது. ஒவ்வொரு அசைவுக்கும் தமிழில் தனித்தனி வினைச்சொல் இருக்கிறது. போதாததற்கு ‘அப்புறம் என்னாச்சு’ என்ற பதற்றம் இலவசம். பிள்ளை சொல்லுக்காகக் காது கொடுப்பதில்லை, அந்த மான் தப்பித்ததா என்று தெரிந்துகொள்ளத்தான் காது கொடுக்கிறது. நாம் அந்த இடைவெளியில் சொல்லை நுழைத்துவிட வேண்டும்.

இங்கேதான் நான் முதலில் சறுக்கினேன். விலங்குப் பத்தி என்றதும் விலங்கின் பெயர்களைத்தான் சொல்லித்தர வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, ஒரே நாளில் முள்ளம்பன்றி, எறும்புத்தின்னி, தேவாங்கு, மரநாய் என்று கரும்பலகையை நிரப்பினேன். பிள்ளைகள் பெயர்களை ஆசையாகச் சொன்னார்கள். ஆனால் தேவாங்கு என்ற சொல்லை எங்கள் ஊர்ப் பிள்ளை வருடத்துக்கு எத்தனை முறை பயன்படுத்தப் போகிறது?

அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் இசபெல் பெக்கும் அவருடன் வேலை செய்தவர்களும் சொற்களை மூன்று அடுக்காகப் பிரித்துப் பார்த்தார்கள். கால், வால், ஓடு, தண்ணி போன்றவை முதல் அடுக்கு, வீட்டிலேயே வந்துவிடும். அனைத்துண்ணி, இரட்டைக்குளம்பு, வாழிடம் போன்ற துறைச் சொற்கள் மூன்றாவது அடுக்கு. அறிவியல் பாடம் வரும்போது அதுவே பார்த்துக்கொள்ளும். நடுவில் இருப்பதுதான் நம் வேட்டைக்களம்: பதுங்கு, மிரள், எச்சரிக்கை, பின்தொடர், நழுவு, சார்ந்திரு. பேச்சில் அவ்வளவாக வராது, ஆனால் கதை, செய்தித்தாள், வரலாற்றுப் பாடம் என எங்கும் எதிர்ப்படும். நானாகக் கண்டுகொண்ட சுருக்குவழி இது: பத்தியில் விலங்கு என்ன செய்கிறது என்று சொல்லும் வினைச்சொற்களைப் பிடியுங்கள். பெயர் அந்த விலங்கோடு போய்விடும், வினை பிள்ளையோடு வீட்டுக்கு வரும்.

உதாரணத்துக்கு நான் எழுதி வைத்திருக்கும் ஒரு பத்தி:

“கொள்ளிடக் கரையில் நாணல் அடர்ந்து வளர்ந்திருந்தது. அதற்குள் பதுங்கியிருந்த நீர்நாய் மெல்லத் தலையை நீட்டியது. ஆற்று நடுவே திட்டில் ஒரு முதலை வெயில் காய்ந்துகொண்டிருந்தது. நீர்நாய் மிரளவில்லை, ஆனால் எச்சரிக்கையாக இருந்தது. சீழ்க்கை அடித்துத் தன் கூட்டத்தைக் கூப்பிட்டது. ஐந்து நீர்நாய்களும் சத்தமில்லாமல் தண்ணீருக்குள் நழுவின. சற்று நேரத்தில் ஒன்று, கெண்டை மீனைக் கவ்வியபடி கரையேறியது.”

பத்தியில் உள்ள எதுவும் கற்பனைச் சரக்கு இல்லை. அணைக்கரைக்குக் கீழே கொள்ளிடத்தில் முதலை உண்டு. நீர்நாய் காவிரிப் பக்கத்து விலங்கு. கூட்டமாகத்தான் வாழும், மீன்தான் முக்கிய உணவு, சீழ்க்கை போன்ற ஒலியால் ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொள்ளும். வலைக்குள் வந்து மீனைப் பிடித்துக்கொண்டு போவதால் மீன் பிடிக்கிறவர்களுக்கு அதன் மேல் கொஞ்சம் கடுப்பும் உண்டு. வகுப்பில் இதைச் சொன்னால் கட்டாயம் ஒரு பிள்ளையாவது, “எங்க மாமா வலையையும் கிழிச்சிருக்கு” என்று எழுந்து நிற்கும். அந்தப் பிள்ளைக்கு இரண்டு நிமிடம் கொடுங்கள். அதைவிட நல்ல முன்னுரையை நம்மால் எழுத முடியாது.

இந்தப் பத்தியிலிருந்து ஐந்து சொற்களை எடுக்கிறேன்: பதுங்கு, மிரள், எச்சரிக்கை, நழுவு, கவ்வு. சீழ்க்கையை எடுக்கவில்லை. ‘சீழ்க்கைன்னா விசில்’ என்று போகிற போக்கில் சொன்னால் தீர்ந்தது. பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றுக்குப் புதுப் பெயர், அவ்வளவுதான். மேலே எடுத்த ஐந்தும் அப்படியில்லை. ஒரே வார்த்தையில் மாற்றுச் சொல் கொடுத்தால் அதன் உயிர் போய்விடும்.

பதுங்கு என்பதையே பாருங்கள். அகராதியைத் திறந்தால் ஒளிதல், மறைதல் என்று இருக்கும். அதையே பிள்ளையிடம் சொன்னால், ‘பென்சில் பைக்குள் பதுங்கியது’ என்று எழுதி வரும். எனக்கு வந்தது. ஆகவே பேச்சுத் தமிழில், ஆளை வைத்து விளக்க வேண்டும்: “பதுங்குறதுன்னா, யாரும் பாக்கக் கூடாதுன்னு உடம்பைச் சுருக்கிக்கிட்டு, மூச்சு சத்தம்கூட வராம இருக்கிறது. கண்ணாமூச்சியில நீ ஒளிஞ்சிக்கிறே. பூனை மீன்கூடை பக்கத்துல பதுங்குது. என்ன வித்தியாசம்?” கொஞ்ச நேரம் அமைதி. அப்புறம் யாராவது சொல்வார்கள், பூனை அடுத்து ஏதோ செய்யப் போகுது என்று. அவ்வளவுதான், சொல் பிடிபட்டுவிட்டது. புலி பதுங்குவது பாய்வதற்கு என்ற பழமொழியை அந்த நேரம் சொன்னால், விளக்கமே வேண்டியிருக்காது. மான் குட்டியும் பதுங்குமே, அது பாயவா போகிறது என்று ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்வி. பயந்தும் பதுங்கலாம், பாயவும் பதுங்கலாம். இரண்டிலும் உடம்பு சுருங்கியிருக்கிறது, கவனம் முழுக்க விழித்திருக்கிறது என்று நாங்களே பேசி முடிவு செய்தோம்.

நழுவு என்ற சொல்லுக்கு விளக்கமே சொல்லவில்லை. ஈர சோப்பைக் கையில் கொடுத்தேன்.

ஒழுங்கு இதுதான்: முதல் முறை எங்கும் நிற்காமல் முழுப் பத்தியையும் வாசிக்க வேண்டும். நான் ஆரம்பத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று நின்று விளக்கிக்கொண்டிருந்தேன். ஆற்று நடுவில் முதலை படுத்திருக்கும்போது ‘எச்சரிக்கை என்றால் என்ன’ என்று பாடம் எடுத்தால் கதை செத்துவிடும், சொல்லும் அதோடு சேர்ந்து செத்துவிடும். கதை முடியட்டும். இரண்டாவது வாசிப்பில் நிற்கலாம்.

ஊகித்துச் சொல் என்று பிள்ளைகளிடம் விடுவது நல்ல பழக்கம், ஆனால் எல்லா வாக்கியமும் அதற்கு இடம் கொடுக்காது. ‘மீனைக் கவ்வியபடி கரையேறியது’ என்பதில் நீர்நாய்க்குக் கை எங்கே இருக்கிறது, வாயால்தானே பிடிக்கும் என்று பிள்ளையே வந்து சேர்ந்துவிடும். ‘எச்சரிக்கையாக இருந்தது’ என்பதில் பிடிமானமே இல்லை. பசியாக, சோம்பலாக, கோபமாக என எதைப் போட்டாலும் வாக்கியம் ஓடும். அங்கே ஊகிக்கச் சொல்லி வதைக்காமல் நேராகச் சொல்லிவிடுவதே மேல். அரைமணி நேரம் தப்புத் தப்பாக ஊகித்த பிள்ளைக்குத் தப்பான பொருள்தான் நினைவில் நிற்கும்.

அடுத்தது, எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. தமிழில் பல விலங்குப் பெயர்கள் தம்மைத் தாமே விளக்கிக்கொள்ளும். மீன்கொத்தி, மரங்கொத்தி எல்லோருக்கும் தெரியும். நத்தைகொத்தி நாரையை எடுத்துக்கொள்ளுங்கள். திருவாரூர் மாவட்டத்து உதயமார்த்தாண்டபுரம் பறவைகள் சரணாலயத்துக்கு நிறைய வரும். அலகை மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி தெரியும். நத்தையைப் பிடித்து உள்ளே இருப்பதை எடுத்துத் தின்ன வாகான அலகு அது. பெயரைப் பிரித்தால் உணவும் தெரிகிறது, தொழிலும் தெரிகிறது.

கோடியக்கரைக்குப் போனால் வெளிமான். அந்தச் சரணாலயத்தை 1967ல் ஏற்படுத்தியதே முக்கியமாக அதைக் காக்கத்தான். ‘வெளி’மான் என்று ஏன் பெயர்? அடர்ந்த காட்டுக்குள் இருக்காது, திறந்த புல்வெளியில்தான் இருக்கும். திருகுமான் என்றும் அதற்கு ஒரு பெயர் உண்டு. ஆணின் கொம்பு திருகாணி போல முறுக்கிக்கொண்டு போகும். ஒரே விலங்கு, ஒரு பெயர் அது வாழும் இடத்தைச் சொல்கிறது, இன்னொன்று அதன் கொம்பைச் சொல்கிறது. ‘வெளி’ என்பதைப் பிடித்துக்கொண்டு புல்வெளி, வயல்வெளி, வெட்டவெளி, இடைவெளி, விண்வெளி என்று பத்து நிமிடத்தில் ஒரு குடும்பமே திரண்டுவிடும்.

இதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. பெயரை நம்பி ஏமாறலாம். நீர்நாய் நாய் இல்லை, மரநாயும் நாய் இல்லை, கடற்பசு பசு இல்லை. ஒரு மாணவி, நீர்நாய் குரைக்கும் என்று எழுதியிருந்தாள். அவளைத் திட்ட முடியுமா? சொல்லைப் பிரித்துப் பார்க்கச் சொன்னதே நான்தானே. இப்போது ‘பெயரைப் பிரி, அப்புறம் பத்தியில் சரிபார்’ என்று இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

கடற்பசு விஷயத்தில் நானே மாணவியானேன். பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரையை ஒட்டி 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக 2022ல் அறிவித்தார்கள். அதைப் பற்றிய செய்தியை எளிமையாக்கி வாசித்தபோது மீனவர் வீட்டுப் பையன் ஒருவன், “அது ஆவுளியா டீச்சர்” என்றான். கடலுக்கு அடியில் புல் மேய்கிறது, அதனால் கடற்பசு என்று நான் புத்தகத்தில் படித்திருந்தேன். கடற்பசுவுக்கு ஆவுளியா என்று பெயர் இருப்பதை அவன் தாத்தாவிடம் கேட்டிருந்தான். வகுப்பில் எழுத்துக் கூட்டவே திணறுகிற பையன் அவன். அன்று முழுக்க அவன்தான் ஆசிரியர். வீட்டுச் சொல்லையும் புத்தகச் சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள். ஒன்றை அழித்து இன்னொன்றை எழுதாதீர்கள்.

ஊர்ப் பெயர்களும் கைகொடுக்கும். மயிலாடுதுறையில் மயில் இருக்கிறது, ஆடுதல் இருக்கிறது, துறை இருக்கிறது. கொள்ளிடத்தில் வெள்ளம் வரும்போதெல்லாம் செய்தியில் அடிபடும் முதலைமேடுதிட்டு என்ற ஊரின் பெயரில் முதலையோடு மேடு, திட்டு என்ற இரண்டு நிலச் சொற்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. 2018 நவம்பரில் எங்களைப் புரட்டிப்போட்ட கஜா புயலின் பெயருக்கு யானை என்று பொருள் என்றதும் ஒரு பிள்ளை, “அதான் தென்னையெல்லாம் புடுங்கிப் போட்டுச்சு” என்றது. கோடியக்கரையில் மான்களும் அந்தப் புயலில் செத்தன. அதைச் சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கிவிட்டுச் சொன்னேன். மிரள் என்ற சொல்லுக்கு அன்று யாரும் விளக்கம் கேட்கவில்லை.

குட்டி, கன்று போன்ற இளமைப் பெயர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. தொல்காப்பியத்தின் மரபியல் பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என்று ஒன்பது இளமைப் பெயர்களைச் சொல்கிறது. இதை அப்படியே மனப்பாடம் செய்ய வைக்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கீரிப்பிள்ளை, அணில்பிள்ளை என்று வீட்டில் சொல்கிறோமே, அந்தப் ‘பிள்ளை’ எவ்வளவு பழைய வழக்கம் என்று காட்டினால் போதும். குருளையும் பறழும் பெரிய வகுப்பில் வரும்போது வரட்டும்.

ஒரு வாரத்துக்கு ஒரு விலங்கு போதும் என்று முதலில் நினைத்தேன். இப்போது இரண்டு வாரம் ஒரே விலங்கோடு இருக்கிறேன். காரணம் எளிது: ஒரே விலங்கைப் பற்றி நாலு பத்தி படித்தால் அதே சொற்கள் வேறு வேறு வாக்கியங்களில் தாமாகவே திரும்பி வரும். நரி என்றால் முதல் பத்தி, பாட்டி சொன்ன தந்திர நரி. இரண்டாவது, நிஜ நரி: எலி, நண்டு, பழம் என்று கிடைத்ததைத் தின்று வாழும், ஜோடியாகக் குட்டி வளர்க்கும். மூன்றாவது, ராத்திரி ஊளையைக் கேட்ட ஒருவரின் அனுபவம். நாலாவதைப் பிள்ளைகளே எழுதுவார்கள். கதை நரிக்கும் நிஜ நரிக்கும் சண்டை மூட்டிவிட்டால் ‘தந்திரம்’, ‘திறமை’ இரண்டும் ஒன்றா என்று வாதம் கிளம்பும். ஒரு புதன்கிழமை முழுக்க அதிலேயே போய்விட்டது. கணக்குப் பாடம் அடுத்த நாளுக்குத் தள்ளிப்போனது.

எடுத்த ஐந்து சொற்களும் மறுநாள் ஒருமுறை, ஒரு வாரம் கழித்து ஒருமுறை, மாதம் கழித்து ஒருமுறை தலைகாட்ட வேண்டும். பாடமாக வேண்டாம். வரிசையில் நிற்கும்போது “யாருடா அங்க நழுவுறது?” என்றால் போதும்.

கடைசியாக, பிள்ளைக்குச் சொல் வந்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ‘பொருள் தருக’ என்று கேட்டால் மறுபடி அதே பத்துக்குப் பத்து கதைதான். நான் ஏறுமாறான கேள்விகளைக் கேட்கிறேன். நாற்காலி பதுங்குமா? ரகசியம் நழுவுமா? தூங்குகிற நாய் எச்சரிக்கையாக இருக்க முடியுமா? பதில் ஆம், இல்லை எதுவானாலும் சரி, காரணம் சொல்ல வேண்டும். நாற்காலி பதுங்காது, ஆனால் நாற்காலிக்கு அடியில் பூனை பதுங்கும் என்றான் ஒருவன். தூங்குகிற நாயின் காது மட்டும் எச்சரிக்கையாக இருக்கும் என்றாள் இன்னொருத்தி. போன வாரம், “மாடு மிரளும், மான் மிரளும். மனுசங்க மிரளுவாங்களா?” என்று கேட்டேன். கடைசி பெஞ்சிலிருந்து உடனே பதில் வந்தது: “மிரளுவாங்க டீச்சர். கரண்டு பில்லைப் பாத்து எங்கப்பா போன மாசமே மிரண்டாரு.”